ஏழாம் இலக்க ஸ்கியும் தக்சாயினியின் இடது முழங்காலும்

தக்சாயினியின் இடது முழங்கால் பழுதானது பனிமலையில்தான் என்று ஜெர்மனியில் இருக்கும் நம்முடைய சனத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். பச்சைப் பொய். ஆறு வயதில் பனிச்சறுக்குக் கட்டையான ஸ்கியில் ஏறிய பெண் அவள். உறைந்த சரிவுகளில் கார் வேகத்தில் இறங்கியபோதெல்லாம் ஒரு குறையும் வராத அந்த முழங்கால், வுப்பர்டாலில் ஒரு கலியாண மண்டபத்துப் படியில்தான் மடங்கியது. காஞ்சிபுரம் சேலையும் குதி உயர்ந்த செருப்புமாக, கையில் பன்னீர்ச் செம்போடு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ஓடியதால் வந்த வினை. உள்ளே குறுக்குத் தசைநார் அறுந்த சத்தம் மேளச் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டது. அதைச் சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஸ்கி விளையாடினால் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரிக்கு வந்து புத்தி சொல்லி, ஒரு பை தோடம்பழமும் வைத்துவிட்டுப் போனார்கள்.

எண்பதுகளின் பிற்பாதியில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிள்ளை அவள். முன்பே வந்திருந்த தகப்பனைத் தெற்கே, அல்கோய் மலையடியில் சொன்ட்ஹோஃபன் என்ற சிறுநகரத்தின் அகதி விடுதியில் போட்டிருந்தார்கள். குடும்பமும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பனி கொட்டும் மாரி வந்தால் பிள்ளைகள் எல்லாரையும் ஸ்கி பழக மலைக்குக் கொண்டுபோவார்கள். வகுப்பாசிரியை தன் மகளுடைய பழைய ஸ்கியைக் கொண்டுவந்து தக்சாயினிக்குப் பூட்டிவிட்டார். எப்படி நிறுத்துவது என்று சொல்லிக்கொடுக்க வாயைத் திறப்பதற்குள் பெட்டை நேரே கீழே விட்டாள். போய் வேலியில் மோதி, வாய் நிறையப் பனியோடு எழும்பி, சிரித்துக்கொண்டே மறுபடியும் மேலே ஏறினாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

பிறகு ஊர்க் கழகத்தில் சேர்ந்தாள். நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயங்களில் ஓடினாள். கிண்ணங்கள் வந்தன. தாய் கமலாம்பிகை அவற்றைத் தொலைக்காட்சிக்கு மேலே சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார். ஆனால் வீட்டுக்கு வரும் தமிழ் ஆட்களிடம் எல்லாம் ஓட்டப் போட்டியில் கிடைத்தவை என்று சொல்லிவிடுவார். மலையிலிருந்து குதிக்கிற பெட்டை என்று கதை பரவினால் நாளைக்கு எவன் கலியாணம் செய்ய வருவான் என்பது அவருடைய கவலை. கிண்ணத்தின் மேலே ஸ்கியோடு குனிந்து நிற்கும் வெள்ளிப் பொம்மையை வந்தவர்களில் ஒருவராவது கவனித்ததாகத் தெரியவில்லை.

பந்தயங்களை விட்டு அவள் பல் கட்டும் வேலைக்கு ஆவ்ஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தாள். இன்றைக்கும் சொன்ட்ஹோஃபனில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் தலையாயவள் அவள்தான். கலியாணத்துக்கு ஆளும் வந்தது. மாப்பிள்ளை தபோதரன், யாழ்ப்பாணத்தில் இருந்து நேரே வந்தவர், பக்கத்து ஊர்ப் பாற்கட்டித் தொழிற்சாலையில் குளிர் அறைப் பொறுப்பு. நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார், காலையில் திருநீறு பூசாமல் வாசல் தாண்டமாட்டார். ஆனால் மலைக்கு வாருங்கள் என்று அவரை ஒருநாளும் அசைக்க முடியவில்லை. "கிழமை முழுக்கக் குளிருக்குள்ள நிண்டுபோட்டு, ஞாயிற்றுக்கிழமையும் குளிருக்குள்ள போக எனக்கென்ன விசரே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இனி தக்சாயினி இருந்த ஸ்கிச் சோதனைக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் கோர்பினியன் என்பவருக்கு ஒரு ஸ்கிக் கடை இருக்கிறது. அவளோடு சின்ன வயதில் பந்தயம் ஓடியவர்தான். ஒவ்வொரு மாரியிலும், அடுத்த வருடம் கடையில் எதை வைப்பது என்று முடிவு செய்ய, கம்பெனிகள் அனுப்பும் புது ஸ்கிகளை எல்லாம் நன்றாக ஓடத் தெரிந்த நாலைந்து பேரிடம் கொடுத்து மலையில் ஓடிப் பார்க்கச் சொல்வார். பெயரைக் கண்டால் கண் பொய் சொல்லும் என்று ஸ்கியின் மேற்பக்கம் முழுக்கக் கறுப்பு நாடா ஒட்டி, வெறும் இலக்கத்தை மட்டும் எழுதி வைப்பார். இடது ஸ்கிக்கு எல், வலது ஸ்கிக்கு ஆர் என்றும் எழுதுவார். ஒரே காலில் ஒரே ஸ்கியோடு ஓடினால்தான் விளிம்பு தேய்வதைச் சரியாகப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் குழுவில் தக்சாயினி சொல்வதுதான் கடைசிச் சொல். அவள் மூக்கைச் சுளித்த ஸ்கியைக் கோர்பினியன் கடைக்குள் எடுத்ததில்லை.

முழங்கால் போன பிறகு இரண்டு மாரி அவள் இடம் காலியாகவே கிடந்தது. அவளுக்குப் பதிலாக ஒருவரைப் போடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் கோர்பினியன் அசையவில்லை. ஒப்பரேசன் முடிந்து, பயிற்சி எல்லாம் முடிந்து, கால் பூரண சுகம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் காகிதத்தில் சுகமான கால் வேறு, உறைந்த சரிவில் ஆளைத் தாங்குகிற கால் வேறு. இந்த மாரி அவள் திரும்பிப் போகிறாள். முடியாது என்று தெரிந்தால் இடம் வ்ரோனிக்கு. வ்ரோனி இருபத்து நான்கு வயதுப் பெட்டை, போன வருடம்வரை பந்தயம் ஓடியவள், பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவள்.

முதல் சோதனைக்கு முந்தின மாலை, காலையில் மலைக்கு ஏற்றும் லிஃப்ட் அடியில் நின்று மினக்கெடாமல் இருக்க, ஒவ்வொருவரும் ஒரு சோடியைத் தங்கள் சப்பாத்துக்கு அளவு பூட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். தக்சாயினிக்கு விழுந்தது ஏழாம் இலக்கம். கொடுக்கும்போதே கோர்பினியன் கண்ணைச் சிமிட்டினார். பந்தய ஸ்கியின் வயிற்றில் பிறந்து, மலை முழுக்கத் திரிய வந்த பிள்ளை இது என்றார். உள்ளே மேலும் கீழும் உலோகத் தகடு; பந்தய ஸ்கியைப் போலவே பின்பக்கம் விறைப்பு. ஆனால் நடுப்பாகம் அகலமாக வைத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, இயந்திரம் சீவிச் சமப்படுத்திய சரிவிலும் ஓடலாம், உழுது போட்ட பனியிலும் ஓடலாம் என்று செய்திருக்கிறார்கள். கெட்டிக்காரருக்கு மட்டும் என்று கம்பெனி எழுதி அனுப்பியிருக்கிறதாம். எல்லாக் கம்பெனியும் எழுதுகிற பொய்தானே, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள். கை மட்டும் குறுகுறுத்தது.

வீட்டில் தபோதரன் அந்த ஸ்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல் என்ற எழுத்து என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னாள். ஓம் என்று தலையாட்டிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு நிலவறைப் படியால் அவளுக்கு முன்னால் இறங்கினார். அது அவருடைய புதுப் பழக்கம். இரண்டு வருடமாக, எந்தப் படியானாலும் மனிதர் முண்டியடித்துக்கொண்டு அவளுக்கு ஒரு படி முன்னால் இறங்குவார். மனிசியைப் பின்னால் விட்டுவிட்டு என்ன அவசரம் என்று அவள் எத்தனை தரம் ஏசியும் திருந்தவில்லை. அன்றைக்கும் ஏசினாள். அவர் காதில் வாங்காமல் ஸ்கியைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு, நீர் போய் நித்திரை கொள்ளும் என்று அவளை மேலே அனுப்பினார்.

காலையில் இருட்டு விலகுமுன் அவள் புறப்பட்டுவிட்டாள். வழக்கம்போல இரும்பு விளிம்புகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். சவரக்கத்தி மாதிரி இருந்தது. மலை உச்சியில் வானம் நீலமாகத் திறந்து கிடந்தது. இரவு குளிரில் சரிவு கண்ணாடியாக இறுகியிருந்தது. இப்படி ஒரு காலைக்காக இரண்டு வருடம் ஏங்கியவள் அவள். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் தொப்பிக்குள் கேட்டது. சப்பாத்தை வைத்து அழுத்தினாள், டக் டக் என்று இரண்டும் பூட்டின, விட்டாள்.

முதல் வளைவு, ஆஹா. ஸ்கியை விளிம்பில் சாய்த்ததும் அது பனியைக் கவ்விப் பிடித்து அப்படியே கொண்டுபோனது. அடுத்த பக்கம் மாற்றினாள். அங்கேதான் வந்தது வினை. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போகிற வழியில் ஸ்கி ஒரு கணம் தட்டையாகப் படும் அல்லவா, அந்தக் கணத்தில் இடது கால் பின்னுக்கு நின்றது. வலது போய்விட்டது, இடது வரவில்லை. முழங்கால் உள்ளுக்குள் சாய்ந்து, உடம்பு ஒருமுறை ஆடி, கையை வீசித்தான் விழாமல் தப்பினாள். அடுத்த வளைவிலும் அதே கதை. அதற்கு அடுத்ததிலும். விளிம்பில் நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. மாறும்போது மட்டும் இடது கால் யாரோ பின்னால் நின்று பிடித்து இழுத்தது போல நின்றது. ஏழாம் இலக்கம் வேறு இரக்கம் இல்லாத சாமான். சாதாரண ஸ்கி என்றால் சின்னப் பிழையை விழுங்கிக்கொள்ளும். இது பிழையைப் பெரிதாக்கி முகத்தில் அடித்தது.

கால் பலவீனமானால் முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் அந்த இடம். மூன்று தரம் போய்வந்து பார்த்தாள், மூன்று தரமும் கால் நின்றது. கடைசி இறக்கத்தில் அவள் சீவிய சரிவின் ஓரத்தோடு, தொடக்கக்காரரைப் போல மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். வரும் வழியெல்லாம் கண்ணீர். கண்ணாடிக்குள் ஆவி படிந்து வழி தெரியவில்லை.

கீழே, லிஃப்டுக்குப் பக்கத்து உணவுக்குடிலின் முன்னால் கோர்பினியன் நின்றார். அவள் சுற்றி வளைக்கவில்லை. ஸ்கியில் பிழை இல்லை, என் காலில்தான் பிழை, என் இடத்தை வ்ரோனிக்குக் கொடு என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் மறுத்துப் பேசப் பார்த்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஏழாம் இலக்கத்தைக் கழற்றிப் பனியில் குத்தி நிறுத்தினாள். வ்ரோனியின் சப்பாத்தும் அவளுடைய சப்பாத்தும் ஒரே நீளம், பூட்டைக்கூட மாற்றத் தேவையில்லை. பெட்டை துள்ளி வந்து, எது எல், எது ஆர் என்று பார்க்கிற பொறுமைகூட இல்லாமல், கைக்கு வந்ததைக் காலில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள். தக்சாயினி உள்ளே போய் ஒரு கிண்ணம் சூப்பை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வ்ரோனி திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்து, இது என்ன கோதாரி ஸ்கி என்கிற மாதிரி ஜெர்மனில் பொரிந்து தள்ளினாள். விளிம்பு மாற்றும்போதெல்லாம் கால் பின்னுக்கு நிற்கிறதாம், ஒரு தரம் குப்புற விழுந்தே போனாளாம்.

தக்சாயினி கரண்டியைக் கீழே வைத்தாள். எந்தக் கால் என்று கேட்டாள். வலது கால் என்றாள் வ்ரோனி.

வலதா? தக்சாயினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள். பெட்டை ஸ்கியைச் சுவரில் சாத்தியிருந்தாள். அவள் வலது காலில் போட்டிருந்ததில் எல் என்று எழுதியிருந்தது. தக்சாயினியின் காலில் இருந்த அதே இடது ஸ்கி, வ்ரோனியின் வலது காலுக்குப் போயிருக்கிறது. கால் மாறியும் ஸ்கி நிற்கிறது. அப்படி என்றால் காலில் ஒன்றும் இல்லை, ஸ்கியில் ஏதோ இருக்கிறது.  எல் ஸ்கியைத் தூக்கிக் கவிழ்த்தாள்.

ஸ்கியின் அடி தார் போலக் கறுப்பு. அதன் நடுவில், சரியாகப் பாதம் நிற்கும் இடத்துக்குக் கீழே, பனி அப்பிக்கொண்டு வெள்ளையாக ஒரு கோடு உறைந்திருந்தது. ஓரம் தேய்ந்துவிட்டது, ஆனாலும் ஒரு சுழியும், கீழே வளைந்து, பிறகு நேராக இழுபட்ட வாலுமாக அது என்னவென்று தெரிந்தது. பிள்ளையார் சுழி. நல்ல காரியம் எதற்கும் முதலில் போடும் உகரம். ஜெர்மன் மலையில், உறைந்த பனியில், அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நகத்தால் சுரண்டினாள். வெள்ளைக்கு அடியில் கறுப்பாக மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியது. மணந்து பார்த்தாள். நெய். யாகப் புகை கலந்த நெய்.

அவள் வீட்டுச் சுவாமித் தட்டில் ஹம் நகரத்து அம்மன் கோயில் யாகத்து ரட்சை ஒரு சின்னப் பேணியில் இருக்கிறது. யாகக் கரியை நெய்யில் குழைத்த கறுப்புப் பொட்டு. புதுக் கார் வாங்கியபோது தபோதரன் சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, இந்த ரட்சையால்தான் முன் மூடியில் பிள்ளையார் சுழி போட்டார். கார் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஸ்கி என்ன காரா? அதன் அடி மெழுகு பூசி வழுக்க வைத்த இடம். அதில் நெய்யையும் கரியையும் அப்பினால் பனி பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? கறுப்பில் கறுப்பு. விடியற்கருக்கலில் யார் கண்ணுக்குத் தெரியும்?

ஒரு கணம் மண்டை கொதித்தது. இந்த மனிசன் என்னை ஒரேயடியாக முடித்துவிடப் பார்த்தாரே என்று பல்லைக் கடித்தாள். அடுத்த கணம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு, பனியில் குந்தி இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோர்பினியனும் வ்ரோனியும் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முழித்தார்கள். மறைத்து என்ன பயன்? என்ர மனிசன் சாமிக்கு வைத்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள்.  கோர்பினியன் தாடியைச் சொறிந்துகொண்டு தன் கதையைச் சொன்னார். அவருடைய முதல் பெரிய பந்தயத்துக்கு முந்தின இரவு அவருடைய தாய் மாதா கோயில் தீர்த்தத்தை ஸ்கி மேல் தெளிக்கப்போய், விடிந்து பார்த்தால் விளிம்பு முழுக்கத் துரு ஏறியிருந்ததாம். அன்றைக்கு எல்லாருக்கும் கடைசியாக வந்தாராம். தாயிடம் இன்றுவரை சொல்லவில்லையாம்.

வலது ஸ்கியையும் கவிழ்த்துப் பார்த்தாள். துளி இல்லை, சுத்தம். அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. சோடியில் ஒன்றுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு மற்றதை விடுகிற ஆள் இல்லையே அவர், கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கோர்பினியனின் வாகனத்தில் மெழுகு கரைக்கும் திரவம் இருந்தது, மெழுகு உருக்கும் இஸ்திரிப்பெட்டி இருந்தது. நெய்யைக் கரைத்துத் துடைத்து, மெழுகை உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, சீவி, தூரிகையால் தேய்த்து எடுத்தார்கள். ஓடின ஓட்டம் எல்லாம் கணக்கில் இல்லை என்றார் கோர்பினியன். லிஃப்ட் மூடுவதற்குள் போய்வா என்றார்.

இந்த முறை மேலே போகும்போது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. காலையில் போனபோது வந்தது ஆசையின் படபடப்பு. இப்போது சாட்டுச் சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. இனியும் கால் நின்றால் அது காலின் பிழைதான். உச்சியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள், சரிவு முழுக்க அவளுக்கு மட்டும். மூச்சை இழுத்து விட்டாள். பிள்ளையாரே என்று வாய் தானாகச் சொன்னது. அதற்கும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கம்புகளால் ஊன்றித் தள்ளினாள்.

முதல் வளைவு. விளிம்பு கவ்வியது. மாற்றினாள். கால் வந்தது.

வந்தது என்றால் எப்படி வந்தது! இரண்டு காலும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லில், வலத்திலிருந்து இடத்துக்குப் புரண்டன. நம்பாமல் மறுபடியும் மாற்றினாள். மறுபடியும் வந்தது. பிறகு அவள் எண்ணவில்லை. வேகத்தைக் கூட்டினாள். மெல்ல ஓடினால் ஏழாம் இலக்கம் மரக்கட்டை. பாரம், முசுடு, சொன்ன பேச்சுக் கேட்காது. வேகம் ஏற ஏற உள்ளே இருந்த தகடு விழித்துக்கொண்டது. சாய்த்து அழுத்தினால் வில்லாக வளைந்து, விட்டதும் திருப்பி அடித்து அவளை அடுத்த வளைவுக்குள் தூக்கிப் போட்டது. இறுகிய பனியில் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. சர்ர் என்று விளிம்பு வெட்டும் சத்தம் மட்டும். காற்று கன்னத்தை இழுத்துப் பிடித்தது. முழங்கால் நெஞ்சுவரை மடங்கி, நீண்டு, மறுபடி மடங்கியது. நாற்பத்து நாலு வயதுப் பெண், பல் கட்டுகிறவள், வெறும் சரிவைப் பார்த்துத் தமிழில் கத்திக்கொண்டு இறங்கினாள்.

நடுச்சரிவில் அவள் பாதையை விட்டு வலப்பக்கம் வெட்டினாள். நாள் முழுக்க ஆட்கள் உழுது போட்ட பனி அங்கே மேடும் குழியுமாகக் குவிந்து கிடந்தது. பந்தய ஸ்கி இந்த இடத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். மிருதுவான ஸ்கி துள்ளித் துள்ளி ஆளை உதறும். இது இரண்டும் செய்யவில்லை. தூக்கிய முன்பக்கம் குவியலுக்கு மேலே ஏறியது, பாரம் அதைப் பிளந்துகொண்டு போனது. ஆனால் ஒன்று. ஒரு குழியில் அவள் சற்றே பின்னுக்குச் சாய்ந்தாள். விறைத்த வால் உடனே அவளைப் பிடரியில் பிடித்துத் தள்ளுவது போல முன்னே எறிந்தது. இரண்டு முழங்காலும் சேர்ந்துதான் அவளைத் தாங்கின. இடதும் தாங்கியது. அவள் அந்தக் குழியிலிருந்து வெளியே வந்தபோது இடது தொடையில் ஒரு தட்டுத் தட்டி, கெட்டிக்காரன் என்று சொன்னாள்.

கீழே வந்து பனியை வாரி இறைத்து நிறுத்தினாள். கோர்பினியன் அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். குடிலுக்குள் வைத்து அவள் தீர்ப்பைச் சொன்னாள். கம்பெனி இந்த முறை பொய் சொல்லவில்லை என்றாள். சீவிய சரிவில் இது பந்தய ஸ்கிக்கு அண்ணன் தம்பி, குழம்பிய பனியிலும் நம்பி விடலாம், ஆனால் மெல்ல ஓடுகிறவருக்கும் களைத்துப்போய்ப் பின்னுக்குச் சாய்கிறவருக்கும் விற்றாயோ அடுத்த நாளே கடை வாசலில் வந்து நின்று ஏசுவார்கள், கேட்டு விற்க வேண்டிய சாமான் என்றாள். கடைக்குள் எடு என்றாள். அவளுடைய இடத்தைப் பற்றி ஒருவரும் பிறகு பேச்சு எடுக்கவில்லை. வ்ரோனி மட்டும், எல் ஸ்கியை இடது காலிலேயே போட்டிருந்தால் நான் இப்போது உன் நாற்காலியில் என்று சொல்லி, அவளுடைய ஆறின சூப்பை எடுத்துக் குடித்தாள்.

வீடு போகும் வழியெல்லாம் அவள் தபோதரனுக்குக் கொடுக்கப்போகும் பேச்சை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். சந்தோசம் ஒரு பக்கம் இருக்க, கோபமும் பத்திரமாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தவர் ஸ்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் எப்படி என்றுதான் கேட்டார். அவள் ஸ்கியைக் குசினி மேசையில் கவிழ்த்துப் போட்டு, இதில என்ன எழுதினீங்கள் என்று கேட்டாள். அவர் முகம் சுருங்கியது. அவள் விடவில்லை. முதல் இறக்கத்தில் தொடங்கி, அழுதது, இடத்தைக் கொடுக்கப்போனது, பெட்டை குப்புற விழுந்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். அவர் கதிரையில் இருந்துவிட்டார். நெய் பனியைப் பிடிக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். இவ்வளவு காலம் குளிர் அறையில் வேலை செய்கிறவருக்கு அது தெரியாதா என்று அவள் கேட்டாள். 

கடைசியாகத்தான் அவளுக்கு மற்றது ஞாபகம் வந்தது. சோடியில் ஒன்றுக்கு மட்டும் ஏன், வலதுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டாள்.

தபோதரன் இதுவும் ஒரு கேள்வியா என்பது போல நிமிர்ந்து பார்த்தார்.

"வலதுக்கு என்னப்பா பயம்? அது நல்ல கால்தானே," என்றார். "இந்த ரெண்டு வருசமா நீர் படி இறங்கேக்க எல்லாம் நான் முன்னுக்கு இறங்கி உம்மட இடது காலைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். விழுந்தா என்ர மேல விழட்டும் எண்டு. மலையில நான் முன்னுக்கு நிக்க ஏலாது. அதுதான் பிள்ளையாரை விட்டனான்."

 நிலவறைப் படி, கோயில் படி, புகையிரத நிலையப் படி, எல்லாப் படியும் தக்சாயினிக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றிலும் மனிசியைப் பின்னால் விட்டு என்ன அவசரம் என்று தான் ஏசியதும் ஞாபகம் வந்தது. அடுக்கி வைத்திருந்த பேச்சில் ஒரு சொல் மிச்சம் இல்லை. 

அவள் சுவாமித் தட்டுக்குப் போய் ரட்சைப் பேணியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். ஒரு கதிரையை இழுத்து, இடது காலைத் தூக்கி அதில் வைத்து, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். ஒப்பரேசன் தழும்பு வெளிறிக் கிடந்தது.

"இனி இதில வையுங்கோ. ஸ்கியில வேண்டாம்."

அவர் குனிந்தார். மோதிர விரலில் ரட்சையைத் தொட்டுக்கொண்டவர், காலை ஆட்டாமல் பிடியும் என்றார்.

"அது இனி ஆடாது," என்றாள் தக்சாயினி.